கண் திறந்த பாறை

"சாவி குடுக்கறோம்னு அவங்க சொல்றப்பவே வாங்கிக்கிட்டுப் போயிறணும்மா. அப்புறம் அதுவும் இல்லாமப் போயிரும்."

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான் ஹேமநாதன். பாசிர் கூடாங்கில் இரவு ஷிப்டு முடித்து, மோட்டாரில் மழையோடு மழையாக வந்து சேர்ந்தவன். மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் கோடு போட்டு ஓடியது.

"மொதல்ல கோட்டைக் கழட்டு. வீட்டுக்குள்ள ஆறு ஓடுது."

"எது வீடு? இது யாரு வீடு?"

தனலெட்சுமி வாழையிலைத் துண்டில் தேங்காய்ப்பால் சோற்றைக் கவிழ்த்தாள். மேலே ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பால், வறுத்த நெத்திலி, அரை முட்டை, வெள்ளரித் துண்டு. பழுப்புத் தாளில் மடித்துக் கூடையில் போட்டாள். விடிந்ததும் குவாரி லாரிகள் செம்மண் பாதையில் இறங்கும். டிரைவர்கள் வண்டியை அணைக்காமலேயே கையை நீட்டி அந்த நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். எந்தக் குவாரி அவள் வீட்டைத் தின்ன வந்து நிற்கிறதோ, அந்தக் குவாரிக்குத்தான் அவள் தினமும் காலைச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். வேறு பிழைப்பு அங்கே இல்லை.

செடெனாக்கிலிருந்து செம்பனை மரங்களுக்குள் நுழைந்து, தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் குன்று. சுற்றியிருந்த தோட்டம் கைமாறியபோது லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் கூலாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் சிதறிப்போனார்கள். தனலெட்சுமியின் வீட்டுக்காரர் சபாபதி மட்டும் போகவில்லை. குன்றின் இடுப்பில், குடை விரித்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் முனியாண்டி இருந்தார். பழைய பூசாரி இறந்த பிறகு சபாபதிதான் அவருக்கு எல்லாம். பலகையும் தகரமுமாக அடிவாரத்தில் ஒரு வீடு எழுப்பிக்கொண்டார். பகலில் காண்ட்ராக்டரிடம் செம்பனைக்கு உரம் போடும் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும்.

குன்று முழுக்கக் கருங்கல். பின்பக்கத்தை வெடி வைத்துத் தின்று முடித்த கம்பெனி இப்போது முன்பக்கம் வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்தால் பாசிர் கூடாங்கில் ஒரு பிளாட்டுக்குச் சாவி தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பிடிவாதம் இல்லடா," என்றாள் தனலெட்சுமி, கடைசிப் பொட்டலத்தை மடித்துவிட்டு. "நான் பொறந்த தோட்டத்துல இப்ப கோல்ப் ஆடறாங்க. கல்யாணம் கட்டி வந்த தோட்டத்து மேல ஹைவே ஓடுது. இங்கதான் நம்மள யாரும் ரூம் நம்பர் சொல்லிக் கூப்பிடல. திரும்பவும் மூட்டை கட்ட எனக்குத் தெம்பு இல்ல."

"அந்த யுனிவர்சிட்டி பொண்ணு ஏதோ சொல்லிட்டுப் போச்சுன்னு உக்காந்துருக்கீங்க."

"அது படிச்ச பொண்ணு. கவர்மெண்ட் ஆளையே கூட்டிட்டு வருது. நாளைக்கு வர்றாங்க, தெரியும்ல?"

"கூட்டிட்டு வரட்டும். நான் தூங்கறேன்."

படித்த பெண்ணின் பெயர் சாருமதி. பத்து பாகாட் டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பெண். பழங்கால மனிதர்களைப் பற்றிப் படித்து, அதையே சொல்லிக்கொடுக்கிறவள். குன்றேறப் போன யாரோ முனியாண்டியைப் படம்பிடித்து இணையத்தில் போட, அதில் சாமியைப் பார்க்காமல் சாமிக்குப் பின்னால் இருந்த பாறையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். போன மாதம் வந்து, பாறைக்கு அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நாளெல்லாம் படம் எடுத்தாள்.

பாறையில் செந்நிறத்தில் உருவங்கள் இருந்தன. மான்கள், பன்றி ஒன்று, ஆமை ஒன்று, விரித்த கைகள், வரிசையாகப் போகும் மனிதர்கள். கற்பூரப் புகையும் பாசியும் படிந்து, கிட்டப் போனால்தான் தெரியும். தோட்டத்துச் சனங்களுக்கு அவை புதிதல்ல. அவற்றைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் யாரோ அங்கே முனியாண்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இது சாமியோட படைம்மா," என்று சபாபதி அவளுக்கு விளக்கினார். "பொழுது சாஞ்சா எறங்கி வேட்டைக்குப் போவாங்க."

சாருமதி சிரிக்கவில்லை. "இருக்கலாம் அங்கிள். ஆனா சாமிக்கு ரொம்ப முன்னாடியே இவங்க இங்க வந்துட்டாங்க."

"எம்புட்டு முன்னாடி?"

"சாயத்தைச் சுரண்டி லேப்ல பாத்தாதான் சொல்ல முடியும். அதுக்கு பர்மிட் கேட்டிருக்கேன். ஆயிரக்கணக்குல வருசம் இருக்கலாம்." தனலெட்சுமியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "இந்த ஆமையைப் பாருங்க ஆன்ட்டி. காலு எப்படி இருக்கு?"

"துடுப்பு மாதிரி இருக்கு."

"அதேதான். கடல் ஆமை. மலையில உக்காந்து கடல் ஆமையை வரையறாங்கன்னா, அவங்க கடலைப் பாத்துட்டு வந்தவங்க. இங்க மண்ணுல சிப்பி ஓடுகூட கெடக்கு. காட்டுல பழம் பழுக்கறப்ப இங்க வருவாங்க. காத்து மாறினா கடக்கரைக்குப் போயிருவாங்க. மழை புடிச்சுக்கிட்டா இந்தப் பாறைக்கு அடியில அடுப்பு மூட்டிக்கிட்டு உக்காந்துருப்பாங்க. சும்மா உக்காந்துருக்கற நேரத்துல புள்ளைங்க கையைப் பாறையில வச்சு மேல சாயத்தை ஊதியிருக்காங்க. பாருங்க, எவ்வளவு சின்னக் கை!"

"வீடு வாசல் இல்லாம எப்படிப் பொழைச்சாங்க?"

"அதுதான் ஆன்ட்டி அழகு. எதையும் கட்டல, எதையும் சேத்து வைக்கல. முதுகுல தூக்க முடிஞ்சதுதான் சொத்து. மத்ததெல்லாம் போற வழியில கெடைச்சுது."

மூன்று தலைமுறை வீட்டுக்காரி அதை ரசித்துச் சொன்னாள். தனலெட்சுமிக்கு அதில் அழகு எதுவும் தெரியவில்லை. ஆனால் அடுத்துச் சொன்னதை அவள் மறக்கவில்லை.

"இது பழசுன்னு தொல்பொருள் இலாகா ஏத்துக்கிட்டா மலையில கை வைக்க முடியாது. காவலுக்கு ஆள் வேணும்ல? உங்க வீட்டை இங்கயே விட்டுருவாங்க. அதுவரைக்கும் நல்லாப் பாத்துக்கங்க. வெளி ஆளுங்கள விடாதீங்க. கையால தொட விடாதீங்க, கை எண்ணெய் பட்டா சாயம் போயிரும்."

சாயம் போய்விடக்கூடாது. அது அவர்கள் இருவருக்கும் நன்றாக மனத்தில் பதிந்தது. சபாபதி கம்பு நட்டுக் கயிறு கட்டினார். செவ்வாய்க்கிழமை எலுமிச்சை விளக்கு ஏற்ற வந்த இரண்டு பெண்களைக் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். வேறு எதைச் செய்யக்கூடாது என்று சாருமதி சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்குமென்று அவளுக்குத் தோன்றியிருக்கவும் நியாயமில்லை.

ஹேமநாதன் தூங்கப் போய், பொட்டலங்களும் விற்றுத் தீர்ந்ததும் தனலெட்சுமி குடையை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினாள். அங்கே சபாபதி கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். உர மூட்டை உரசிய இடம் வாரக்கணக்கில் ஆறவில்லை.

"ஏங்க, இப்படியேவா காட்டப் போறோம்?"

"எதை?"

"இதைத்தான். நாலு முழம் தள்ளி நின்னா ஒண்ணுமே தெரியல. வர்ற அம்மா அதிகாரி. கொண்டை மாலையோட முனியாண்டி பளபளன்னு நிக்கறாரு, இவங்க பாவம் புகை புடிச்சுக் கெடக்கறாங்க. இந்த அழுக்குக்கா மலையை நிறுத்தறதுன்னு கேட்டுட்டா?"

"திருவிழா ஆடியிலதான தனம். இப்பப் போயி வர்ணமா?"

"சாமிக்கு ஆடி. நமக்கு நாளைக்கு."

சபாபதி யோசித்தார். வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் முனியாண்டிக்குப் புது வர்ணம் பூசுகிறவர் அவர்தான். மங்கிப்போன சாமியை நாலு பேர் முன்னால் நிறுத்துவது பூசாரிக்கு அவமானம். போன வருடத்து பெயிண்டு டப்பாக்கள் சாமி மேடைக்குப் பின்னால் இருந்தன. கம்பியால் மூடியை நெம்பினார். சிவப்பு மேலே ஏடு கட்டியிருந்தாலும் உள்ளே நன்றாகத்தான் இருந்தது.

"ஆமா," என்றார். "பெரிய மனுசங்க வர்றப்ப பழந்துணியோடயா நிக்கறது."

முதலில் கழுவினார்கள். தனலெட்சுமி கீழேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். சோப்புத் தூளைக் கரைத்து, தேங்காய் நாரால் பாசியையும் கரியையும் தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகி ரவிக்கைக்குள் போனது. சில இடத்தில் சிவப்பும் கூட வந்தது. "மெதுவா," என்று சபாபதி அதட்டினார். அந்த இடங்களை அவர் சுண்ணாம்பால் குறி வைத்துக்கொண்டார், பின்னால் கோடு விட்டுப்போகக் கூடாதே என்று.

பாறை காய்ந்ததும் அவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். எச்சில் காற்று படாமலிருக்க வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார். சூடம் கொளுத்தி, முனியாண்டியிடம் உத்தரவு கேட்டு, பிரஷ்ஷை எடுத்தார். புண் காலோடு பெஞ்சின்மேல் நின்று, பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு இழுத்தார். ஒரு நூல் இப்படி அப்படிப் போகவில்லை. தனலெட்சுமி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "மானுக்கு வால் பாக்கி." "அந்தப் புள்ள கையில சுண்டுவிரல்." மேலே செம்பனை இலையில் தூறல் விழுந்தது. பாறைக்கு அடியில் ஒரு சொட்டு வரவில்லை. மத்தியானச் சோற்றை இருவரும் மறந்தே போனார்கள்.

கடைசியில் கண். வர்ணம் பூசி முடித்த சாமிக்குக் கண் திறக்காமல் பூசாரி கீழே இறங்க மாட்டார். கண் திறக்காத உருவம் வெறும் கல். பாறையில் இருந்தவர்கள் ஒருவருக்கும் கண் இல்லை. முகம்கூட இல்லை, வெறும் சிவப்பு உருண்டைதான். சபாபதி வெள்ளையில் பொட்டு வைத்து, நடுவில் கறுப்பு வைத்தார். ஆளுக்கு இரண்டு, மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று. தனலெட்சுமி முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, முறைப்படி ஒவ்வொருவருக்கும் முன்னால் காட்டினாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"இப்ப பாருங்க," என்றாள், பத்தடி பின்னால் போய் நின்று. "ரோட்டுலேருந்தே தெரியும்."

மறுநாள் காலை இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் சாருமதியும் இலாகாவின் அதிகாரி அம்மாளும். மற்றதில் கம்பெனி ஆள் கனகராஜ். தமிழ்க் குடும்பத்திடம் பேசுவதற்கென்றே கம்பெனி வைத்திருந்த தமிழர். அவரும் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். அதை எல்லா வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவார். தனலெட்சுமி அன்றைக்கு லாரிகளுக்குச் சோறு கட்டவில்லை. அதிகாரி அம்மாளுக்காக ஹலால் கடையில் வாங்கிய கோழியைக் குழம்பு வைத்திருந்தாள்.

சாருமதி முதலில் ஏறினாள். கயிற்றுக்கு வெளியே நின்றவள், நின்றபடியே இருந்தாள்.

"கண்ணு," என்றாள். "கண்ணு யாரு வச்சது?"

"நான்தாம்மா," என்றார் சபாபதி மலர்ந்துபோய். "கையால தொடவே இல்ல. பிரஷ்தான்."

பின்னால் வந்த கனகராஜ் பாறையைப் பார்த்தார். "அலமாக், ஐயோ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

அதிகாரி அம்மாள் கையுறை போட்டு, பாறையை நெருங்கி, மோந்து பார்த்தார். எனாமல் வாடை இன்னும் போகவில்லை. சாருமதியிடம் மலாயில் நிதானமாகக் கேட்டார்: சோதனைக்குச் சாய மாதிரி எடுத்தாயிற்றா?

"பர்மிட் போன வாரம்தான் வந்தது, புவான்," என்றாள் சாருமதி மரியாதையாக. "இன்னிக்கி எடுக்கலாம்னு இருந்தேன்."

"படங்கள்?"

"இருக்கு. எல்லாம் இருக்கு."

"படத்தை வச்சு வயசு சொல்ல முடியாதே," என்றார் கனகராஜ் பணிவாக.

"முடியாது," என்றார் அதிகாரி. "ஆனால் போன மாதம் இங்கே பழைய ஓவியம் இருந்தது, அதன்மேல் இவர் பெயிண்டு அடித்திருக்கிறார் என்று சொல்ல முடியும். அப்படியானால் இது மரபுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம். நான் மலையை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதுவேன். போலீஸிலும் புகார் கொடுத்தாக வேண்டும்." சபாபதியைப் பார்த்தார். "இவை பழையவை அல்ல, இவர் வரைந்தவைதான் என்றால் எனக்கு இங்கே வேலை இல்லை."

மலாய் புரிந்தும் சபாபதிக்கு விஷயம் புரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். தூக்கம் கலைந்து மேலே ஏறி வந்திருந்த ஹேமநாதனுக்குப் புரிந்தது. அவன் பாறையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

கனகராஜ் தனலெட்சுமியை ஓரமாகக் கூப்பிட்டார். "அக்கா, நானும் பூசாரி வீட்டுப் பையன்தான். கண் தொறக்காம எப்படி விடுவாங்க? எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியாது. கோர்ட்டுல போயி இதையெல்லாம் சொல்ல முடியுமா?"

"என்ன செய்வாங்க?"

"கேஸ் போடுவாங்க. அபராதம் இருக்கு, உள்ள போடறதும் இருக்கு. அண்ணனுக்கு கால் வேற இப்படி இருக்கு. அந்தம்மா நல்ல மாதிரி, அதான் வழியைச் சொல்லிட்டாங்க. வரைஞ்சது நாங்கதான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. சாவி என் பையிலயே இருக்கு."

"சொன்னா மலை போயிரும்."

"சொல்லலன்னா மலை இருக்கும்க்கா. யாரு இருக்கப் போறா அதுல?"

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு எரிந்தது.

ஹேமநாதன் வந்து முழங்கையைப் பிடித்தான். "சொல்லிருங்கம்மா."

"நான் உள்ள போறேன்," என்றார் சபாபதி திடீரென்று. இப்போது அவருக்கும் எட்டியிருந்தது. "போறேன் தனம். சாமி எடம் நிக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு."

"நீங்க சும்மா இருங்க. சோத்துக்கு முன்னாடி ஊசி போடணும்னு உள்ள யாரு ஞாபகம் வச்சுச் சொல்லுவா?"

அவள் கயிற்றைத் தாண்டி அதிகாரி அம்மாளிடம் போனாள். தோட்டத்து மலாய்தான் அவளுக்குத் தெரியும், அது போதும். சாருமதி இரண்டடி தள்ளி நின்றாள். கையில் போன், அதற்குள் எல்லாப் படமும்.

"என் வீட்டுக்காரர்தான் வரைஞ்சாரு, புவான்."

"எப்போது?"

"நாங்க இங்க வந்தப்ப."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாத்தையும்."

அதிகாரி பாறையைப் பார்த்தார். வரிசையாகப் போகும் மனிதர்களைச் சுட்டிக் காட்டினார். முதுகில் சுமை, தலையில் சுமை. ஒருத்தி முதுகில் சின்னதாக இன்னொரு தலை. "இவர்கள் யார்?"

தனலெட்சுமி அதை யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் பதில் வந்துவிட்டது.

"நாங்கதான். முன்ன இருந்த தோட்டத்துல வேலை இல்லன்னுட்டாங்க. லாரி குடுக்கறேன்னாங்க, வரல. சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்தோம். இது என் மாமியா. முன்னால போறது இவரு. முதுகுல இருக்கறது," ஹேமநாதனைக் காட்டினாள், "அவன். காய்ச்சல் அவனுக்கு. வழியில மழை புடிச்சுக்கிட்டு, இந்தப் பாறைக்கு அடியிலதான் ஒதுங்கினோம்."

நடந்து வந்த கதையில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பது ஹேமநாதனுக்குத் தெரியாது. அவன் கைக்குழந்தையாக இருந்தான். அதிகாரி அம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. பிறகு சாருமதியிடம் திரும்பினார்.

"நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

தனலெட்சுமி அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள். சொல்லிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லிவிட்டால் என்ன என்றும் ஒரு மூலையில் அடித்துக்கொண்டது. சாருமதி பாறையைப் பார்த்தாள், சபாபதியின் கால்கட்டைப் பார்த்தாள், போனைப் பைக்குள் போட்டாள்.

"இல்லை, புவான்."

கையுறையைக் கழற்றிவிட்டு அதிகாரி இறங்கிப் போனார். குழம்பை யாரும் தொடவில்லை. கனகராஜ் சாவியை ஹேமநாதன் கையில் கொடுத்து, தோளைத் தட்டிவிட்டுப் புறப்பட்டார். காரில் ஏறப்போன சாருமதி திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, ஆயிரக்கணக்கான வருசம்! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஒரு போன் பண்ணியிருந்தா..."

"என்னன்னு பண்றது? மூஞ்சி கழுவி விடவான்னு கேட்டா?"

சாருமதி காரை நோக்கித் திரும்பினாள்.

"நீ கோவிச்சுக்காதம்மா," என்றாள் தனலெட்சுமி. "அழகுன்னு சொன்னல்ல? தூக்க முடிஞ்சதுதான் சொத்துன்னு. இனிமே எங்களப் பத்தியும் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடு."

கார் செம்மண்ணை வாரியடித்துக்கொண்டு போனது.

சபாபதி இன்னும் மேலேயேதான் இருந்தார். அவள் ஏறிப் போனபோது கண் வைத்த உருவங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒரு கோழி வரையத் தெரியாது தனம். அம்புட்டையும் நான் வரைஞ்சேன்னு சொல்லிட்ட."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"அவங்க என்ன நெனப்பாங்க?"

"எவங்க?"

அவர் திரும்பாமலேயே கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

"ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. மழை விட்டதும் எந்திரிச்சுப் போனவங்கதான? வாங்க, ஊசி போடணும்."

ஹேமநாதன் பாறைக்கு ஏறும் படியில் நின்று சாவியில் கட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, சண்டையும் இல்லை.

"எத்தனாவது மாடிடா?"

"பதினொண்ணு."

தனலெட்சுமி முனியாண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். மீசை, அரிவாள், பீடத்தோடு சேர்த்தால் ஆள் உயரத்துக்கு மேல்.

"லிப்டுல ஏத்த விடுவாங்களா?"

"கேட்டுச் சொல்றேம்மா," என்றான் அவன்.